மகாவலிக் கரையில் – 9: துரைமார் மீனும் நம் லெஹெல்லாவும்

கெட்டம்பே பாலத்தடியில் ஓடும் தண்ணீரில் ஒரு பங்கு ஹோர்ட்டன் சமவெளியில் பிறந்தது. கிரிகல்பொத்த மலைப் பக்கமாக அக்ர ஓயாவாகக் கிளம்பி, தேயிலைத் தோட்டங்களினூடே இறங்கி, தலவாக்கலையில் நானு ஓயாவையும் சேர்த்துக்கொண்டு, கொத்மலை ஓயா என்ற பெயரோடு நீர்த்தேக்கத்துக்குள் புகுந்து வெளியேறி, கம்பளைக்கு மேலே மகாவலியில் கலக்கிறது. அது புறப்படும் இடம் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல். பேராதனைப் பூங்காவைச் சுற்றி வளையும் இடம் 500 மீட்டருக்கும் கீழே. மேலே ஆண்டுச் சராசரி வெப்பம் 15 பாகை செல்சியஸைத் தாண்டாது. கண்டியில் அது 24, 25.

இடையிலே உள்ள அந்தப் பத்துப் பாகைதான் இந்த வாரக் கதை. ஒரே தண்ணீர்தான். ஆனால் மேலே அது ஒரு மீனைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து பேணிய குளிர்நீர். கீழே இன்னொரு மீன் யாரும் கொண்டுவராமலே காலங்காலமாக வாழ்ந்துவரும் ஆறு. மேலே இருப்பது ட்ரவுட். கீழே இருப்பது லெஹெல்லா, இந்தியாவில் மஹ்சீர் என்று பெயர்பெற்ற பெருங்கெண்டையின் நம்மூர் உறவு. முதலாவதைப் பற்றி நூற்றாண்டுக் கணக்கில் எழுதிக் குவித்திருக்கிறார்கள். இரண்டாவதைக் கண்டியில் பிறந்து வளர்ந்த பலருக்கே தெரியாது.

ட்ரவுட் இங்கே வந்தது 1880களில். அந்தக் காலகட்டத்தை நினைத்துப் பார்த்தால்தான் அந்த வேலையின் பாரம் புரியும். 1869இல் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டு, அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் சரிந்தன. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தொடங்கிய தேயிலை மெல்ல அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த சனம் ஒரு பயிரைப் பிடுங்கி இன்னொரு பயிரை நட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், துரைமார் ஓடைகளில் தங்கள் ஊர் மீனை விட ஆசைப்பட்டார்கள். ரயில் பாதை 1867இல் கண்டிக்கும் 1874இல் நாவலப்பிட்டிக்கும் வந்துவிட்டது. நானு ஓயாவை எட்டியது 1885இல்தான். அதற்கு முன் மேலே போன எந்தச் சரக்கும் கடைசிக் கட்டத்தில் மாட்டுவண்டியையோ மனிதர் தோளையோதான் நம்பியிருந்தது.

வந்தது மீன் அல்ல, முட்டை. கண் புள்ளி விழுந்த முட்டையை ஈரப் பாசியில் பொதிந்து பனிக்கட்டி போட்ட பெட்டியில் வைத்தால் பல வாரம் உயிரோடு கிடக்கும். குளிர் கூடினால் உள்ளே வளர்ச்சி மெதுவாகும், குறைந்தால் வேகம் பிடிக்கும். 10 பாகைத் தண்ணீரில் வானவில் ட்ரவுட்டின் முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். பழுப்பு ட்ரவுட்டுக்கு இன்னும் கூடுதல் நாள் வேண்டும். பனிக்கட்டி என்ற ஒரு பொருளால் அந்த நாட்களை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சுயஸ் கால்வாய் வழியே கப்பல் கொழும்புக்கு வரும். அங்கிருந்து ரயில், வண்டி, பிறகு நுவரெலியாவின் பொரிப்புத் தொட்டி. வழியில் பெட்டி வெப்பமானால் அத்தனையும் வீண்.

முதலில் வந்தது ஐரோப்பாவின் பழுப்பு ட்ரவுட். நன்றாக வளர்ந்தது, பெருத்தது, தூண்டிலிலும் விழுந்தது. ஆனால் நம் ஓடைகளில் தானாகப் பெருகி நிலைக்கவில்லை. மறுபடி மறுபடி முட்டை வரவழைத்து விட வேண்டியிருந்தது. அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில் வந்த வானவில் ட்ரவுட்தான் இங்கே குடும்பம் நடத்தத் தொடங்கியது. அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளைப் பிறப்பிடமாகக் கொண்ட மீன் அது. உடலின் நீளத்துக்கு இளஞ்சிவப்புப் பட்டையும், முதுகிலும் வாலிலும் கரும்புள்ளிகளும் இருக்கும். பழுப்பு ட்ரவுட்டைவிடச் சற்று வெப்பம் தாங்கும். ஹோர்ட்டன் சமவெளியின் சரளை மண்ணில் குழி தோண்டி முட்டையிட்டு அது தன் இனத்தைப் பெருக்கியது. நுவரெலியாவை மையமாகக் கொண்டு இயங்கிய சிலோன் ஃபிஷிங் கிளப் குஞ்சு பொரிப்பதையும் ஓடைகளில் விடுவதையும் அனுமதிச் சீட்டு வழங்குவதையும் பார்த்துக்கொண்டது. சமவெளியில் தாமஸ் ஃபார் என்ற தோட்டத்துரையின் பெயரால் இருக்கும் ஃபார் விடுதி, வேட்டைக்காரர்களும் தூண்டில்காரர்களும் தங்கிய இடம். இன்று அது பூங்காவின் பார்வையாளர் நிலையம்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. நீலகிரியில் 1860களில் ஃப்ரான்சிஸ் டே முயன்று பலிக்காமல் போனதை, அடுத்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எச்.சி. வில்சன் செய்து முடித்தார். அவலாஞ்சியில் பொரிப்பகம் எழுந்தது. அங்கே போன வானவில் ட்ரவுட் முட்டைகளில் இலங்கையிலிருந்து போனவையும் உண்டு. நுவரெலியாவின் மீனும் அவலாஞ்சியின் மீனும் ஒரு வகையில் சொந்தக்காரர்கள்.

மீனைக் கொண்டுவந்தவர்கள் அதைப் பிடிக்கும் முறையையும் கூடவே கொண்டுவந்தார்கள். நம் ஆற்றங்கரைத் தூண்டிலில் மண்புழுவோ சோற்றுருண்டையோ இருக்கும், தக்கை மிதக்கும், ஈயக் குண்டின் பாரத்தில் தங்கூசி தூரப் போய் விழும். ட்ரவுட்காரரின் தூண்டிலில் இரையே கிடையாது. நுனியில் இருப்பது இறகாலும் நூலாலும் கட்டிய பொய்ப்பூச்சி. அதற்கு எடையும் இல்லை. பாரம் முழுவதும் கயிற்றில் இருக்கிறது. தடியைப் பின்னால் வீசினால் கயிறு காற்றில் முழு நீளத்துக்கும் விரிய வேண்டும். விரிந்து முடிந்த கணத்தில் முன்னால் தள்ள வேண்டும். ஒரு நொடி முந்தினால் சாட்டையைப் போலச் சொடுக்கிப் பூச்சி அறுந்துபோகும். பிந்தினால் கயிறு பின்னாலுள்ள புல்லில் மாட்டும். சரியாக அமைந்தால் கயிறு முன்னோக்கி உருண்டு விரிந்து, கடைசியாக அந்தப் பூச்சி மட்டும் தண்ணீர் மேல் வந்து அமரும்.

கட்டும் வேலையைக் கண்டியில் ஒரு பெரியவர் வீட்டில் கிட்ட இருந்து பார்த்தேன். தோட்டமொன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பது வயதைக் கடந்தவர். மேசை விளிம்பில் சிறு இடுக்கி. அதில் ஒரு கொக்கி, நெல்மணியை விடச் சற்றே பெரியது. கறுப்புப் பட்டுநூலைக் கொக்கியின் தண்டில் நெருக்கமாகச் சுற்றினார். மயிலிறகின் ஓரத்திலிருந்து பிரித்த மூன்று இழைகளை வால் பக்கம் வைத்துக் கட்டி, அவற்றையே முறுக்கி முன்னோக்கிச் சுற்றினார். பச்சையும் செம்பும் கலந்து மின்னும் தடித்த உடம்பு வந்துவிட்டது. பிறகு சேவலின் கழுத்திலிருந்து எடுத்த செம்பழுப்பு இறகு. அதன் நுனியை இடுக்கியால் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றியதும் இழைகள் கால்களாகச் சிலிர்த்து நின்றன. நூலை முடிச்சிட்டு, தலையில் ஒரு துளி வார்னிஷ். ஒரு சிறு வண்டு உருவாகிவிட்டது. கைநடுக்கம் இருந்தது. அவர் முடிச்சுப் போடும்போது மட்டும் அது தெரியவில்லை.

“எங்கப்பாரு தொரைக்குப் பை தூக்குனவரு தம்பி. சனி ஞாயிறுன்னா ஆத்துக்குத்தான். தொரை கட்டுறதப் பாத்துப் பாத்து அவரும் கட்டப் பழகிட்டாரு. அப்புறம் தொரையே இவருக்கிட்டதான் கட்டி வாங்குவாரு.”

“அந்த மீன நீங்க சாப்பிட்டிருக்கீங்களாய்யா?”

“எங்கேருந்து? எங்க ஆளுக ஆத்துல கைய வச்சா பத்துச்சீட்டுதான். லயத்துக்குப் பின்னாலதான் ஆறு ஓடும். பாத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.”

பத்துச்சீட்டு என்றால் என்னவென்று மலையகத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வேலையும் லயத்து அறையும் ஒரே தாளில் போய்விடும். அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் வீட்டு வாசலில் ஓடும் ஆற்றில் பிள்ளை தூண்டில் போடக்கூடாது என்று ஒரு காலம் இருந்ததை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மலையக வரலாற்றை எழுதுகிறவர்கள் கூலியையும் குடியுரிமையையும் எழுதுகிறார்கள். ஆற்றையும் எழுத வேண்டும்.

இறகு விஷயத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் ஆறுகளில் சால்மன் பிடிக்கக் கட்டிய ஆடம்பரப் பூச்சிகளில், ‘ஜாக் ஸ்காட்’ போன்ற புகழ்பெற்றவை உட்பட, பக்கவாட்டில் கண் போல ஒரு இறகு இருக்கும். அது தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு. நுனியில் மெழுகு உருகி உறைந்தது போன்ற மஞ்சள் வில்லை ஒட்டியிருக்கும். வேறு எந்தப் பறவையிலும் அதற்கு ஈடில்லை என்று நீலகிரி, ஆனைமலைப் பக்கத்துச் சேவல்களைக் கழுத்துத் தோலோடு உரித்து மூட்டை மூட்டையாகக் கப்பலேற்றினார்கள். நம் நாட்டின் தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழிக்கு அந்த மெழுகு வில்லை கிடையாது. அதனால் அந்தச் சந்தையில் அதற்கு மவுசு இல்லாமல் போனது அதன் நல்லூழ். தெற்கிலிருந்து இறகு போயிற்று, வடக்கிலிருந்து முட்டை வந்தது. இரண்டும் ஒரே வணிகத்தின் இரு கைகள்.

இனிப் பருவங்கள். இங்கிலாந்தின் தூண்டில் நூல்களில் வசந்தம், கோடை, இலையுதிர்காலம் என்று அத்தியாயம் பிரித்திருப்பார்கள். ஏழு பாகை அகலாங்கில் இருக்கும் நமக்குப் பகலின் நீளம் ஆண்டு முழுவதிலும் ஒரு மணி நேரங்கூட மாறாது. நம் பருவத்தைத் தீர்மானிப்பது மழை. மழையை வைத்துத்தான் மேலே ட்ரவுட்டும் கீழே லெஹெல்லாவும் நாள் பார்க்கின்றன.

தை, மாசியில் ஹோர்ட்டன் சமவெளியின் புல்லில் காலையில் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும். ஓடை வற்றி, அடிக்கல் ஒவ்வொன்றும் தெரியும் அளவுக்குத் தெளிந்திருக்கும். ஆறு அழகாக இருக்கும் மாதம் அது. தூண்டில்காரருக்குக் கடினமான மாதமும் அதுதான். கரையில் நின்றால் நிழல் விழும், நிழல் விழுந்தால் மீன் கல்லுக்கடியில் போய்விடும். அந்நாட்களில் முழங்காலிட்டுத் தவழ்ந்துதான் ஓடையை நெருங்குவார்களாம். பங்குனி முடிந்து சித்திரையில் பின்னேர இடிமழை தொடங்கும். நுவரெலியாவில் ‘சீசன்’ என்று கொழும்பே வந்து குவியும் நேரம். முதல் மழை விழுந்து மண் சூடு ஆறும் பொழுதில் ஈசல் கிளம்பும். ஐரோப்பிய ஆறுகளில் மே மாதத்துப் பூச்சிகள் தண்ணீரிலிருந்து எழும் சில நாட்களுக்காகத் தூண்டில்காரர்கள் ஆண்டு முழுதும் காத்திருப்பார்கள். நமக்கு அந்தத் திருநாள் ஈசல்தான். அது மண்ணிலிருந்து எழுந்து தண்ணீரில் விழுகிறது. சிறகு நனைந்து சுழலும் ஈசலைக் கண்டால் கவனமான மீனும் கவனத்தை மறந்து மேலே வரும். இது ட்ரவுட்டுக்கு மட்டுமல்ல. பேராதனையில், ஹல்லொலுவையில், லேவெல்லையில் அந்திக் கருக்கலில் மகாவலியின் மேற்பரப்பு வட்டம் வட்டமாகச் சிதறுவதைப் பார்க்கலாம். அத்தனையும் நம் சொந்தக் கெண்டைகள்.

வைகாசியிலிருந்து தென்மேற்குப் பருவமழை. ஹட்டன், நாவலப்பிட்டிப் பக்கம் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டும். மகாவலி தேநீர் நிறத்துக்கு மாறிக் கரைபுரளும். பூச்சித் தூண்டிலுக்கு அப்போது வேலையில்லை. மண் கலங்கிய நீரில் மீனுக்குக் கண் தெரியாது. ஆனால் லெஹெல்லாவுக்கு அந்தப் புதுவெள்ளம்தான் அழைப்பு. அது கிளையாறுகளுக்குள் எதிரேறிப் போய், சரளையும் கூழாங்கல்லும் உள்ள துறைகளில் முட்டையிடும். ஆவணிப் பௌர்ணமியோடு பெரஹரா முடிந்து கெட்டம்பேயில் நீர்வெட்டுச் சடங்கு நடக்கும்போது ஆறு பெரும்பாலும் நிறைந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இடைப்பருவ மழை. கண்டிக்கு அதிகம் மழை தரும் மாதங்கள் அவை. மார்கழிக்குப் பிறகு மறுபடி தெளிவு.

சால்மனைப் பற்றிக் கேட்டு இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். இலங்கை ஆறுகளில் சால்மன் வாழ்ந்ததில்லை, வாழவும் முடியாது. ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய்ப் பெருத்து, பிறந்த ஆற்றுக்கே முட்டையிடத் திரும்பும் மீன் அது. அதற்கு ஆறு மட்டுமல்ல, கடலும் குளிர்ந்திருக்க வேண்டும். திருகோணமலைக் கடல் அதற்குக் கொதிநீர். ஆனால் ஒன்று: ஹோர்ட்டன் சமவெளியில் வாழும் வானவில் ட்ரவுட், இனவரிசையில் பழுப்பு ட்ரவுட்டைவிடப் பசிபிக் சால்மனுக்குத்தான் நெருங்கிய உறவு. 1989 முதல் அதை அந்தப் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். பிறந்த நாட்டில் அதிலும் ஒரு பகுதி கடலுக்குப் போய்த் திரும்பும். இங்கே கீழே இறங்கும் வழியெல்லாம் அதற்கு அடைப்பு. 10 பாகைத் தண்ணீர் ஒரு லீட்டரில் 11 மில்லிகிராமுக்கு மேல் ஒட்சிசன் கரைந்திருக்கும். 25 பாகையில் அது 8 சொச்சத்துக்கு இறங்கிவிடும். அந்த வெப்பத்தில் ட்ரவுட் மூச்சுத் திணறும். அணை கட்டாமலே வெப்பம் அதை மேலே அடைத்து வைத்திருக்கிறது.

மகாவலிக்குக் கடற்பயணி இல்லாமல் இல்லை. விலாங்குதான் அது. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்று நாம் பழிக்கிற அதே விலாங்கு. சால்மனுக்கு நேர் எதிராக அது கடலில் பிறந்து, கண்ணாடி இழை போன்ற குஞ்சாக ஆற்றுமுகத்தில் நுழைந்து, மேல்நோக்கி ஏறி நன்னீரில் ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குத் திரும்புகிறது. திருகோணமலைக் கொட்டியார் குடாவிலிருந்து கண்டி மலைவரை அதற்கு ஒரு பாதை இருந்தது. 1976இல் பொல்கொல்ல அணைக்கட்டு. 1985இல் 122 மீட்டர் உயரத்தில் விக்டோரியா. மறு ஆண்டில் ரந்தெனிகல. அந்தச் சுவர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டுவது குஞ்சு விலாங்குக்கு ஆகாத காரியம்.

ட்ரவுட்டின் மேல் எனக்கு வெறுப்பில்லை. அது அழகான மீன், அதைத் தேடிப் போனவர்களில் பலர் ஆற்றை மனதார நேசித்தவர்கள். ஆனால் அது வெறும் தண்ணீரில் வந்து குடியேறவில்லை. ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் அதற்கு முன் மீனே இல்லை என்பதுதான் ஆய்வாளர்களின் கணிப்பு. அருவிகளைத் தாண்டி மேலே ஏற எந்த மீனாலும் முடியவில்லை. மீனில்லாத ஓடையில் மற்ற உயிர்கள் பயமின்றி வளர்ந்தன. அவற்றில் ஒன்று கரிடினா சிங்கலென்சிஸ் என்ற சிறு நன்னீர் இறால். விரல் நீளங்கூட வராது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இந்தச் சமவெளியில், அக்ர ஓயாவின் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளத்தில் மட்டுமே அறியப்பட்டது. அழியும் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் அது இருக்கிறது. அதற்கான அச்சுறுத்தல்களில் வானவில் ட்ரவுட்டின் பெயர் முன்னால் நிற்கிறது. பூச்சியையும் இறாலையும் தின்று வளரும் மீனை, மீனையே அறியாத ஓடைக்குள் விட்டால் வேறென்ன நடக்கும்? 1988இல் சமவெளி தேசியப் பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் பகுதியானது. அந்த எல்லைக்குள் இனி ஒரு ட்ரவுட் குஞ்சையும் விடக்கூடாது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. உல்லாசப் பயணத்துக்காக ட்ரவுட்டைத் திரும்ப விடலாம் என்ற பேச்சு அவ்வப்போது கிளம்புகிறது. தொட்டியில் வளர்த்து ஹோட்டலுக்கு விற்பது வேறு. ஓடையில் விடுவது வேறு.

ஓடையில் விட்ட மீன் என்ன செய்யும் என்பதைக் கண்டி இன்று கண்ணெதிரே பார்க்கிறது. அமெரிக்காவின் முதலைவாய் மீனான அலிகேட்டர் கார், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டிய கண்டி வாவியிலேயே காணப்பட்டது. யாரோ வீட்டுத் தொட்டியில் வளர்த்து, பெரிதானதும் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். தொட்டிக் கண்ணாடியில் பாசி தின்பதற்காக வாங்கும் கவச மீன் பொல்கொல்லவிலும் விக்டோரியாவிலும் பெருகிவிட்டது. 1952இல் அரசே கொண்டுவந்த திலாப்பியா, நம் பக்கத்தில் ஜப்பான் மீன் என்பார்களே, அது நீர்த்தேக்க மீனவரின் வயிற்றுப்பாடு. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஏழை வீட்டுக் குழம்பில் விழுந்த மீன் அது. அதே மூச்சில், அது வந்ததால் நம் மீன்களுக்கு இடம் சுருங்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இப்போது லெஹெல்லா. செம்பொன் படிந்த பச்சை முதுகு, நாணயம் போன்ற பெரிய செதில்கள், தடித்த உதடு, வாயோரத்தில் மீசை. தாடையில் பல் இல்லை. பல்லெல்லாம் தொண்டைக்குள். நண்டையும் நத்தையையும் விழுங்கி அங்கே வைத்து நொறுக்கும். கரையோர அத்தி பழுக்கும் நாட்களில் மரத்தடி நீரில் வந்து நிற்கும். பழம் தண்ணீரில் ‘பொளக்’ என்று விழும் ஓசைக்கு அது திரும்பும் வேகத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இமயமலை ஆறுகளில் அதன் உறவினமான தங்க மஹ்சீரைப் பிடிக்க உலகெங்கிலுமிருந்து பூச்சித் தூண்டில்காரர்கள் வருகிறார்கள். இது ஒன்றும் இன்றைய மோகமல்ல. சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டில் முறைகளைப் பற்றி எழுதிய நூலில் மஹ்சீருக்குத்தான் முதலிடம். 1946இல் கபினியில் வான் இங்கன் பிடித்த 120 றாத்தல் மஹ்சீரைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். துரைமார் இங்கே தங்கள் ஊர் மீனை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தபோது, காலடியில் ஓடிய ஆற்றில் இந்த மீன் இருந்தது.

காவிரியில் நடந்ததை நாம் கவனிக்க வேண்டும். அங்கே முதுகு திமிலாக எழும்பிய ஒரு பெரு மஹ்சீர் இனம் இருந்தது. அதற்கு முறையான அறிவியல் பெயர் நிச்சயமானதே 2018இல்தான். அதே ஆண்டில் அது மிக அருகிய இனமாகவும் அறிவிக்கப்பட்டது. அணை, மணல், வெடி ஆகியவற்றோடு இன்னொரு காரணமும் உண்டு. மீன் குறைகிறதே என்ற நல்லெண்ணத்தில் மகாராஷ்டிரத்து லோனாவாலாப் பொரிப்பகத்திலிருந்து டோர் குத்ரீ என்ற வேறொரு மஹ்சீரைக் கொண்டுபோய்க் காவிரியில் விட்டார்கள். அது பெருகியது, சொந்த இனம் ஒடுங்கியது. நம் லெஹெல்லாவை நெடுங்காலம் அதே டோர் குத்ரீ இனமாகவே கணக்கிட்டு வந்தார்கள். இங்கே தன் சொந்த வீட்டில் நலிகிற மீனின் உறவு, அங்கே இன்னொன்றின் வீட்டைப் பிடித்திருக்கிறது. மீன் நல்லதா கெட்டதா என்பதல்ல கேள்வி, எந்த ஆற்றில் என்பதுதான். ஆகவே லெஹெல்லாவைக் காப்பாற்ற வேண்டுமானால் வெளியிலிருந்து எந்த மஹ்சீர்க் குஞ்சையும் கொண்டுவந்து மகாவலியில் கொட்டவே கூடாது.

அதற்கு வேண்டியது தண்ணீரும் கல்லும். மலையில் மரக்கறித் தோட்டங்களிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் இறங்கும் மண், கூழாங்கல் துறைகளை மூடுகிறது. மூடிய கல்லுக்கிடையில் முட்டைக்கு மூச்சுக் கிடையாது. ஆற்று மணலையும் சரளையையும் அள்ளுகிறவர்கள் மீதியை முடித்துவைக்கிறார்கள். பொல்கொல்லவுக்குக் கீழே ஆறு பல நாட்கள் குட்டை குட்டையாகக் கிடக்கிறது. விக்டோரியாவின் வாலுக்குள் விழும் ஹுலு கங்கை போன்ற கிளையாறுகளில் புதுவெள்ளத்தின் போது மீன் ஏறுகிறது. ஏறும் இடத்திலேயே வலை கட்டி நிற்கிறார்கள். சில இடங்களில் டைனமைட்டும் நஞ்சும் போடுகிறார்கள். வெள்ளக் காலத்தில் சில வாரங்களுக்குக் கிளையாற்று வாய்களை மட்டும் சும்மா விட்டால் போதும், பெரிய செலவில்லாத வேலை. ஒரு காலத்தில் ட்ரவுட்டுக்காக ஓடைக்கு ஓடை காவலும், சீட்டும், தடை நாட்களும் இருந்தன. முறை தெரியாத ஊரல்ல இது.

அந்தப் பெரியவரிடம் லெஹெல்லாவைப் பூச்சித் தூண்டிலில் பிடித்திருக்கிறாரா என்று கேட்டேன். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கொக்கியை எடுத்துக் காட்டினார். தக்கையைச் சீவி உருட்டி, கருஞ்சிவப்புச் சாயம் பூசி, உச்சியில் இரண்டு பழுப்பு இழை கட்டியிருந்தார். அத்திப்பழம். ஓய்வு பெற்றுக் கண்டிப் பக்கம் குடிவந்த பிறகு தானே யோசித்துச் செய்ததாம். பிடித்த மீனைக் கொக்கி கழற்றித் திரும்ப விட்டுவிடுவாராம்.

“திங்கிறதுக்கு ஜப்பான் மீன் கெடக்குதே தம்பி. இத ஏன் திங்கணும்?”

இவரைப் போன்ற தூண்டில்காரர்கள் கண்டியைச் சுற்றிப் பலர் இருக்கிறார்கள். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள். எந்த மாதம் எந்தத் துறையில் எந்த மீன் ஏறுகிறது, எது எப்போது காணாமல் போனது என்ற கணக்கு அவர்கள் தலையில் இருக்கிறது. ரோஹன் பெத்தியகொட 1991இல் நன்னீர் மீன்களைப் பற்றிய பெருநூலைக் கொண்டுவந்தபோதும், நக்கிள்ஸ் மலை நீரில் வாழும் ஒரு கெண்டைக்கு மீன் ஆர்வலர் செட்ரிக் மார்ட்டென்ஸ்டைனின் பெயரைச் சூட்டியபோதும் தெரிந்தது, ஆற்றங்கரையில் நின்றவர்களின் அறிவு ஆய்வுக்கு எவ்வளவு வேண்டும் என்பது. பேராதனைப் பல்கலைக்கழகம் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. அந்த முதியவர்களின் நினைவை இப்போதே உட்கார்ந்து எழுதிக்கொள்ள ஒரு சில மாணவர்களை அனுப்பினால், மகாவலியின் மீன் வரலாறு நமக்குக் கிடைக்கும். பத்து ஆண்டு கழித்துக் கேட்க ஆளிருக்காது.

அடுத்த வாரம் பொல்கொல்ல. மகாவலித் தண்ணீர் சுரங்கம் வழியே உக்குவெலவுக்குத் திரும்பும் இடத்தில், திரும்பாமல் கீழே விடப்படும் நீர் எவ்வளவு, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

(தொடரும்)